எர்ன், டெர்க், கோரிப்: அயர்லாந்தின் ஏரி நாட்டில் சைக்கிளுக்கு ஏற்ற சுற்று எது?

வரைபடத்தில் ஃபெர்மனா, லீட்ரிம், கேவன் மூன்று கவுண்டிகளும் சந்திக்கும் இடத்தைப் பார்த்தால் எது நிலம், எது நீர் என்று பிரிக்கவே முடியாது. எந்தச் சாலையில் போனாலும் ஒரு பக்கம் ஏரி கூடவே வரும் என்று நினைத்துத்தான் நானும் முதல் முறை கிளம்பினேன். போன பிறகுதான் புரிந்தது. பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாளங்கள் விட்டுப்போன மண் குன்றுகள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, கூடையில் அடுக்கிய முட்டைகள் மாதிரி. டிரம்லின் என்பார்கள். ஏரிகள் அவற்றுக்கு நடுவே பள்ளங்களில் ஒளிந்திருக்கின்றன. சாலையோ ஒவ்வொரு குன்றாக ஏறி இறங்குகிறது, இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர்வேலி. நாள் முழுக்க ஏரி நாட்டில் மிதித்துவிட்டு, தண்ணீரைக் கண்ணால் பார்த்தது மொத்தமே அரை மணி நேரம் என்று ஆகிவிடலாம்.

அதனால் இந்த வழிகளை ஒப்பிடும்போது புகைப்பட அழகை நான் கடைசியில்தான் வைப்பேன். பை கட்டிய சைக்கிளில் நாலைந்து நாள் போகிறவருக்கு வேறு கணக்கு இருக்கிறது: சாலையில் கார்கள் எவ்வளவு, இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது சூடாக ஏதாவது கிடைக்குமா, இரவு தங்க இடம் உண்டா, ரயிலடி எவ்வளவு தூரம். இந்தக் கணக்கில் மூன்று சுற்றுகள் தேறுகின்றன. வடமேற்கில் எர்ன் ஏரிகளையும் லீட்ரிமையும் இணைக்கும் கிங்ஃபிஷர் பாதை, ஷானன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் டெர்க் ஏரி, மேற்கே கோரிப், மாஸ்க் ஏரிகள்.

நெய் ஏரியை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கலாம். வட அயர்லாந்தில் 392 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, தீவின் மிகப்பெரிய ஏரி அது. சுற்றிவரச் சுமார் 180 கிலோமீட்டருக்கு அடையாளமிட்ட பாதையும் உண்டு. ஏற்றமே இல்லை, குழந்தைகளோடு போகலாம். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் ஏரி கண்ணில் படுவது குறைவு. 2023 கோடையிலிருந்து நீலப்பச்சைப் பாசி அந்த ஏரியை வாட்டுவது எனக்கு நிஜமாகவே வருத்தம். அது தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சரி, முதலில் டெர்க். இது எளிய சுற்று, சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: டோனகல் கவுண்டியிலும் இதே பெயரில் ஓர் ஏரி இருக்கிறது, அது யாத்திரைத் தலம். இணையத்தில் தேடும்போது கிளேர், கால்வே, டிப்பரரி மூன்று கவுண்டிகளுக்கு நடுவே இருப்பதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிலலூ ஊரில் தொடங்கி ஏரியைச் சுற்றி அதே ஊருக்கு வர ஏறக்குறைய 120 கிலோமீட்டர், கரையை நோக்கிப் போகும் கிளைச் சாலைகளில் நுழைய நுழையக் கூடும். இரண்டு நாள் போதும், மூன்று நாள் வைத்தால் சுகம். பழைய அயர்லாந்தின் பேரரசர் பிரையன் போரு இருந்து ஆண்ட இடம் கிலலூ. அங்கிருந்து மேற்குக் கரையில் ஸ்கேரிஃப் தாண்டினால் மவுண்ட்ஷானன். நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் அற்றுப்போயிருந்த வெண்வால் கடற்கழுகை 2007 முதல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 2013இல் கூட்டிலிருந்து முதல் குஞ்சுகள் பறந்தது இந்த ஊர்ப் பக்கம்தான். எதிரே தெரியும் இனிஷ் கெல்ட்ரா தீவின் உருண்டைக் கோபுரத்தைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

வடக்கு முனையில் போர்ட்டம்னா, அதன் பிறகு டிப்பரரிக் கரையில் டெரிகிளாஸ், டிராமினியர் என்று படகுத்துறை ஊர்கள். இங்கே சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கவலையே இல்லை, படகுக்காரர்களுக்காகவே எல்லாம் இருக்கிறது. கடைசியில் போர்ட்ரோ பக்கம் ஏறும் மேடு மட்டும் மூச்சு வாங்க வைக்கும். ஆனால் மொத்த ஏரியும் ஒரே பார்வையில் தெரிவது அங்கிருந்துதான், அந்த ஏற்றத்தைத் தவிர்க்க வேண்டாம். இந்தச் சுற்றில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: பெரும்பகுதி ஆர் எண் போட்ட இரண்டாம் நிலைச் சாலைகளில் போகிறது, கோடை விடுமுறையில் படகை இழுத்துக்கொண்டு போகும் கார்கள் வரிசையாக வருகின்றன. வார நாளில் போனால் இந்தக் குறை பாதியாகிவிடும்.

கோரிப்பும் மாஸ்க்கும் வேறு ரகம். அழகுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இதோடு எதுவும் நிற்காது. இரண்டு ஏரிகளுக்கும் நடுவே ஒரு சிறிய நிலத்துண்டில் இருக்கிறது காங் கிராமம். மாஸ்க்கின் தண்ணீர் கோரிப்புக்குப் போவது அந்தத் துண்டுக்கு அடியில், சுண்ணாம்புப் பாறைப் பொந்துகள் வழியாக. பஞ்ச காலத்தில், 1848இல், வேலையில்லாதவர்களை வைத்து இரண்டு ஏரிகளையும் இணைக்க ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அடியிலுள்ள பாறை ஓட்டை ஓட்டையாக இருந்ததால் தண்ணீர் நிற்கவில்லை, 1854இல் கைவிட்டார்கள். கல் கட்டிய அந்தக் காய்ந்த கால்வாய் இன்றும் இருக்கிறது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் ஓரத்தில் நின்றபோது, பசியோடு வந்து அதை வெட்டியவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலேயே பாலின்ரோப் அருகே மாஸ்க் ஏரி மாளிகை. அங்கே நிலச்சுவான்தாரின் முகவராக இருந்த கேப்டன் பாய்காட்டை 1880இல் ஊரே ஒன்றுகூடி ஒதுக்கிவைத்தது. யாரும் அவருக்கு அறுவடை செய்யவில்லை, பொருள் விற்கவில்லை. நாம் தமிழிலும் எழுதும் ‘பாய்காட்’ அவர் பெயர்தான்.

சாலைக்கு வருவோம். காங்கிலிருந்து குளோன்பர், ஃபின்னி வழியாக நஃபூயி ஏரிக்கரை, அங்கிருந்து மலை ஏறி இறங்கி மாம், பிறகு கோரிப் கரையோடு கார்னமோனா வழியாகத் திரும்பக் குளோன்பர். ஒரே நாளில் முடியும், ஆனால் ஒரு நாள் முழுக்க வேண்டும். நஃபூயியின் மேற்கு முனையில் வரும் ஏற்றம் நான் அந்நாட்டில் ஏறியவற்றில் கொடியது. பை கட்டிய வண்டியென்றால் இறங்கித் தள்ளத் தயாராக இருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே நின்று திரும்பிப் பார்த்தால் இரண்டு மலைகளுக்கு நடுவே அந்த ஏரி கருநீலமாகக் கிடக்கும், சுற்றிலும் ஆடுகளின் சத்தம் மட்டும். இங்கே ஏரி நாள் முழுக்கக் கண்முன் இருக்கிறது, ஒளிந்து விளையாடுவதில்லை.

சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும். மேற்கு அயர்லாந்தின் சில பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 225 நாள் மழை. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து, மலை இடுக்குகளில் அது முகத்தில் அறையும். கடைகள் தூரம் தூரமாக இருப்பதால் பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இல்லாமல் ஃபின்னிப் பக்கம் போகாதீர்கள். ஐரிஷ் பேசும் பகுதி என்பதால் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் ஐரிஷில் மட்டும் இருக்கும், வரைபடத்தில் பார்த்த ஆங்கிலப் பெயரைத் தேடினால் குழம்புவீர்கள். எல்லாவற்றையும்விட, கால்வே ரயிலடியிலிருந்து காங் பக்கம் வருவதுதான் பெரிய தலைவலி. N84, N59 என்ற எண் போட்ட நெடுஞ்சாலைகள் இரண்டும் வேகமான கார்ச் சாலைகள், ஓரத்தில் இடமில்லை. சிறு சாலைகளைப் பிடித்து வளைந்து வளைந்து வந்தால்தான் நிம்மதி.

இனி கிங்ஃபிஷர். நான் மனதைப் பறிகொடுத்தது இதனிடம்தான், அதனால் கொஞ்சம் கூடவே சொல்வேன். 1998இல் திறந்த, ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நீளப் பாதை இது. எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு வளையங்களாக ஃபெர்மனா, லீட்ரிம், கேவன், டோனகல், மொனாகன் ஐந்து கவுண்டிகளைத் தொட்டு வருகிறது. வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லைக் கோட்டை எத்தனை முறை தாண்டினோம் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒரு தேநீருக்கு யூரோ, அடுத்ததற்குப் பவுண்ட். வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும். மக்நீன் ஏரிகளுக்கு நடுவே பாலத்தின் ஒரு முனையில் வடக்கின் பெல்கூ, மறுமுனையில் தெற்கின் பிளாக்லயன்.

இந்தச் சிறு எல்லைச் சாலைகளில் பலவற்றை வட அயர்லாந்தின் கலவரக் காலத்தில் (1960களின் இறுதி முதல் 1998 வரை) பிரிட்டிஷ் ராணுவம் குழி தோண்டியும் கான்கிரீட் போட்டும் அடைத்து வைத்திருந்தது. பெல்டர்பெட்டுக்கு வடக்கே இருந்த ஆகலேன் பாலம் 1970களில் தகர்க்கப்பட்டது, 1999இல்தான் அங்கே புதிய பாலம் வந்தது. இன்று ஒரு சோதனைச் சாவடியும் இல்லாமல், மேய்கிற மாடுகளைப் பார்த்துக்கொண்டே எல்லையைக் கடக்கிறோம். வேறெந்தச் சுற்றிலும் எனக்கு இந்த நெகிழ்ச்சி கிடைத்ததில்லை.

முன்பு சொன்ன டிரம்லின் தொல்லை இங்கேதான் அதிகம். பெரிய மலை எதுவும் இல்லை, ஆனால் முடிவே இல்லாத சின்னச் சின்ன மேடுகள் மாலைக்குள் கால்களை ஒடித்துவிடும். பின்சக்கரத்தில் 34 பல்லாவது இருக்கும் கியர் வேண்டும். நடுவில் புல் முளைத்த சாலைகள் உண்டு, 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். பழைய வழிகாட்டிப் பலகைகளை மட்டும் நம்பாமல் வழித்தடத்தைக் கைபேசியிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கார்கள்? சில காலை நேரங்களில் மணிக்கு நாலைந்துகூட வருவதில்லை. அயர்லாந்துக் குடியரசின் கிராமச் சாலைகளில் பொது வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்ததும் நமக்கு நல்லதுதான்.

மொத்தத்தையும் சுற்ற ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அத்தனை நாள் இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதன் துண்டுகளைச் சேர்த்த ஐந்து நாள் வளையம். டப்ளினிலிருந்து ஸ்லைகோ போகும் ரயிலில் கேரிக்-ஆன்-ஷானனில் இறங்கலாம். சைக்கிளுக்கான இடம் குறைவு, முன்பதிவு கட்டாயம் செய்துவிடுங்கள். என்னிஸ்கில்லனுக்கு ரயில் 1957இலேயே நின்றுவிட்டதால் கேரிக்கே வாசல்.

இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லையில் யாரும் நிறுத்தாவிட்டாலும் ஃபெர்மனா பிரிட்டனின் பகுதி. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டத்தின் குறிப்பு உள்ள விசா இருந்தால் ஒன்றே இரண்டுக்கும் போதும், இல்லையென்றால் பிரிட்டன் விசா தனியே வேண்டும். அதுவும் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். டிரம்ஷான்போவில் தங்கி ஆலன் ஏரியை 50 கிலோமீட்டர் சுற்றி, ஏக்கர்ஸ் ஏரியின் மேல் மிதக்கும் பலகைப் பாதையிலும் ஓட்டிவிட்டு, பாலினமோர் வரை போய்த் திரும்பலாம். தெற்கைத் தாண்டவே தேவையில்லை.

ஐந்து நாள் வளையத்துக்கு வருவோம். முதல் நாள் கேரிக்கிலிருந்து ஷானன்-எர்ன் நீர்வழியை ஒட்டி கெஷ்கேரிகன் வழியாகப் பாலினமோர் வரை போனால் போதும். ரயில் வந்து சேர்வதற்குள் அரை நாள் போய்விட்டிருக்கும். 16 மதகுகள் கொண்ட, 63 கிலோமீட்டர் நீர்வழி அது, பல தலைமுறைகளாகப் பாழ்பட்டுக் கிடந்து 1994இல் மீண்டும் திறந்தது. இரண்டாம் நாள் பாலிகானல் தாண்டிப் பெல்டர்பெட். மூன்றாம் நாள் மேல் எர்ன் ஏரியின் தீவுகளுக்கிடையே என்னிஸ்கில்லன். ஊரே இரண்டு எர்ன் ஏரிகளுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிறது. “ஆண்டில் பாதி நாள் ஏரி ஃபெர்மனாவுக்குள், மீதி நாள் ஃபெர்மனா ஏரிக்குள்” என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதன் பொருள் அங்கே விளங்கும். நான்காம் நாள் மார்பிள் ஆர்ச் குகைகளைப் பார்த்துவிட்டு பெல்கூ. கடைசி நாள் பிளாக்லயனிலிருந்து குயில்கா மலையடிவாரத்துக்கு. ஷானன் ஆறு பிறக்கும் குளம் அங்கே இருக்கிறது. அடுத்து டவ்ரா, ஆலன் ஏரிக்கரை, டிரம்ஷான்போ, கேரிக். ரயிலேறப் போகும் பாலத்துக்கு அடியில் ஓடுவது காலையில் பார்த்த அதே ஆறுதான். இன்னும் தெற்கே போய் டெர்க் ஏரியை நிறைப்பதும் அதுவே.