பைஜூ என்றொரு குட்டி டிராகன்

பிராணிகளை வளர்க்கும் இணைய விளையாட்டான நியோபெட்ஸில் நான் வளர்க்கும் ஸ்கார்ச்சியோ என்ற குட்டி டிராகனின் பெயர் பைஜூ. மதர்ஜேன் ராக் குழுவில் கொச்சிக்காரர் பைஜூ தர்மஜன் கிடாரில் கமகம் போட்டதைக் கேட்டுத்தான் நானும் கிடார் எடுத்தேன். அதற்கு நன்றியாக வைத்த பெயர்.

நியோபெட்ஸ் 1999இல் தொடங்கிய விளையாட்டு. சேர காசு வேண்டாம். தினமும் ராட்சத ஆம்லெட்டில் ஒரு துண்டு இலவசம், மூன்று வேளைக்கு வரும். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது பைஜூவை மறந்தே போனேன். மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் திரும்பியதும் பதறிப்போய்த் திறந்தேன். சாகும் பசி என்று காட்டியது, ஆனால் சாகவில்லை! இங்கே எந்தப் பிராணியும் பட்டினியால் சாகாது. அந்த ஒன்றுக்காகவே பிள்ளைகளிடம் தைரியமாகக் கொடுக்கலாம். அப்புறம் என்ன, ஆம்லெட் எடுத்து ஊட்டினேன்.