“தொட்டியில் பிறந்த ஜோடி” என்று விற்கப்படும் நியூட்டுகள்: நான் ஏமாந்த விதம்

குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசையில் சீன ஃபயர் பெல்லி நியூட் இரண்டை வாங்கினேன். பல்லி போல உருவமும் சிவந்த வயிறும் கொண்ட, நீரில் வாழும் உயிர் இது. விற்றவர் மூன்று விஷயங்களை அடித்துச் சொன்னார். இரண்டும் தொட்டியிலேயே பிறந்தவை. ஒன்று ஆண், ஒன்று பெண். ஹீட்டர் போட்டு 28 டிகிரியில் வைக்க வேண்டும். மூன்றும் பொய்.

பெட்டியைத் திறந்தபோதே வயிறு கலங்கியது. இரண்டுக்கும் இடுப்பெலும்பு தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. முழுதாக வளர்ந்த உயிர்கள் வேறு. தொட்டியில் பொரிக்க வைப்பவர்கள் பெரும்பாலும் குட்டிகளைத்தான் விற்பார்கள். வளர்ந்தவை கூட்டமாக விற்பனைக்கு வந்தால் குளத்திலோ ஓடையிலோ பிடித்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது எனக்கு அப்போது தெரியாது.

ஹீட்டர் போட்ட இரண்டாம் நாளே இரண்டும் நீரை விட்டு வெளியேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. குளிர்ந்த நீரில் வாழும் உயிரை வெந்நீரில் போட்டிருக்கிறேன்! அவற்றுக்கு 20 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதே நல்லது. அன்றே ஹீட்டரை எடுத்துவிட்டேன்.

சில வாரங்களில் ஒன்று பின்னங்கால்களால் இலையை மடித்து, மடிப்புக்கு ஒரு முட்டையாக ஒட்டத் தொடங்கியது. மணிக்கணக்கில் தொட்டி முன்னேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்தில் எல்லா முட்டைகளும் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டன. பிறகுதான் அடிப்பக்கத்தைக் கவனித்தேன். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழிவாய் (வால் அடியில் உள்ள கழிவுத் துளை) உருண்டையாகப் புடைத்திருக்கும். ஆண் தரையில் வைக்கும் விந்துப் பொதியைப் பெண் அதன் கழிவாயால் எடுத்துக்கொண்டால்தான் முட்டை கருவுறும். என் இரண்டில் எதற்கும் அந்தப் புடைப்பு இல்லை. இரண்டும் பெண்.

விற்றவரைக் கேட்டதற்கு “உங்கள் தண்ணீர் சரியில்லை” என்றார். அதற்குப் பிறகு பதிலே இல்லை. இரண்டாம் மாதம் ஒன்று இறந்துபோனது.

“தொட்டியில் பிறந்தவை, தனியாக வைத்துப் பார்க்கத் தேவையில்லை” என்றும் அவர் சொல்லியிருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்காதது இதில்தான். நியூட்டுகளும் அடங்கிய சாலமாண்டர் குழுவின் தோலை அரிக்கும் பூஞ்சை ஒன்றை 2013இல் அறிவியலாளர்கள் அடையாளம் கண்டார்கள். நெதர்லாந்தில் ஃபயர் சாலமாண்டர்களை அது ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. ஆசிய நியூட்டுகள் நோய் வெளியே தெரியாமலேயே அதைச் சுமக்கக்கூடும். அந்த அச்சத்தால்தான் அமெரிக்கா 2016இல் 20 பேரினங்களைச் சேர்ந்த சாலமாண்டர்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. என் பழைய நியூட்டுகளோடு இவற்றைச் சேர்க்காமல் விட்டது என் நல்ல காலம்.

வாங்குவதற்கு முன் பொரித்த தேதியைக் கேளுங்கள். குஞ்சுகளுக்கு என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். உண்மையில் வளர்த்தவர் ஆர்ட்டீமியா, டாஃப்னியா என்று உயிருணவைப் பற்றியும், செவுளோடு நீந்தும் குஞ்சுக்கு முன்னங்கால் முளைத்த நாளைப் பற்றியும் நிறுத்தாமல் பேசுவார். ஜோடி என்றால் அடிப்பக்கப் படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

எஞ்சிய ஒன்று இப்போது மண்புழுத் துண்டுகளைத் தின்கிறது. இடுப்பெலும்பு மறைந்துவிட்டது. விற்றவரோ அதே பழைய படத்தைப் போட்டு, “தொட்டியில் பிறந்த ஜோடி” என்று இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார்.