கேரவன் வாங்குறவங்க கேஸ் பெட்டியத் திறந்து பாக்காம காசு குடுக்காதீங்க, எனக்கு 485 பவுண்டு போச்சு

யூகேல செகண்ட் ஹேண்ட் கேரவன் (கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) வாங்கலாம்னு யோசிக்கிற நம்ம ஆளுங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. செம கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா மன்னிச்சிடுங்க. 485 பவுண்டு ஏமாத்திட்டாங்க. காச விடுங்க, என் பசங்க தூங்குற பெட்டுக்கு அடியில கேஸ் தேங்கி நின்னுருக்குங்க, அத நெனச்சாதான் வயிறு பத்திக்கிட்டு எரியுது.

கடை பேரு இப்ப போடல. மிட்லேண்ட்ஸ் பக்கம் இருக்கிற ஒரு பழைய கேரவன் யார்டு, வரிசையா டூரிங் கேரவன் நிக்கும், முன்னாடி ஒரு சின்ன ஆபீஸ், அவ்ளோதான் சொல்வேன். வண்டி விலை தனி. அதுக்கு மேல "கேஸ் சேஃப்டி பேக்கேஜ்"னு ஒண்ணு 485 பவுண்டு. லீக் டெஸ்ட், புது டியூப், புது ரெகுலேட்டர், ரெண்டு ஃபுல் 6 கிலோ சிவப்பு சிலிண்டர், ஓடுறப்ப ஆடாம இருக்க பெல்ட், எல்லாம் சேத்துன்னு பில்லுலயே எழுதியிருக்கு.

அந்த ஆளு பேசுன விதம் இருக்கே. நீலக் கலர் சிலிண்டர் ப்யூட்டேன், ஜீரோ டிகிரி வந்தாலே கேஸ் எழும்பாது, சிவப்பு புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் கேஸா வரும், இங்க குளிருக்கு அதான் சரின்னு பொறுமையா சொல்லிக் குடுத்தான். சொன்னது அத்தனையும் உண்மை. இவ்ளோ தெரிஞ்சவன் வேலையும் ஒழுங்கா செஞ்சிருப்பான்னு தான யாருக்கும் தோணும். என் சின்னவ தலையில கைய வச்சு "எனக்கும் இந்த வயசுல பேத்தி இருக்கா, கேஸ் விஷயத்துல நான் விளையாடவே மாட்டேன்"னு சொன்னான். டிக் அடிச்ச ஒரு பேப்பர் குடுத்தான். கார்டு மெஷின்ல சிக்னல் இல்ல, பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்கன்னான். அங்கயே நின்னு 485 அனுப்புனேன்.

நேரா லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம். நல்ல வெயில் அன்னைக்கு. கேம்ப்சைட்ல வண்டிய நிறுத்தி கதவத் திறந்ததும் என் வொய்ஃப்தான் மொதல்ல சொன்னா, ஏங்க கேஸ் வாடை வருதுன்னு. அடுப்பு பத்தவே வைக்கல, ஆனா சின்னவ பெட்டுக்கு கீழ இருக்கிற பெட்டிக்குள்ள குனிஞ்சா மூக்கு எரியுது. எல்பிஜி காத்த விட கனம், மேல போகாது, தண்ணி மாதிரி கீழதான் இறங்கும், அதனால மேல இருக்கிற ஜன்னலத் திறந்து வச்சு பெருசா பிரயோஜனம் இல்ல. சைட் பாத்துக்கிற பெரியவர் ஓடி வந்து எல்லாரையும் வெளிய அனுப்பி, ஒரு சுவிட்ச்சையும் தொடாதீங்கன்னு சத்தம் போட்டு, கதவெல்லாம் விரியத் திறந்து விட்டு, அப்புறம் வண்டிக்கு முன்னாடி சிலிண்டர் வைக்கிற கேஸ் பெட்டியத் திறந்தார்.

உள்ள பாத்துட்டு அந்த மனுஷனே கொஞ்ச நேரம் பேசல.

பெல்ட்டுக்கு பதிலா லக்கேஜ் கட்டுற எலாஸ்டிக் கயிறு. வளைவுல அது நழுவி ஒரு சிலிண்டர் சாஞ்சு கெடக்கு. சிலிண்டர் ஏன் நிமிந்தே இருக்கணும்னா மேல கேஸ், கீழ திரவம். சாஞ்சா திரவம் வால்வு வாய்க்கு வந்துடும், அந்த புரொப்பேன் திரவம் வெளிய வந்தா கிட்டத்தட்ட 270 மடங்கு கேஸா விரியும். "புது" டியூப்ல அச்சடிச்சிருந்த வருஷம் 2012. வளைச்சுப் பாத்தா வெடிப்பு வெடிப்பா இருக்கு. எல்லாத்தையும் விட கொடுமை, பெட்டி தரையில கேஸ் கீழ வெளிய போறதுக்குன்னே ஓட்டை வச்சிருப்பாங்க, டிராப் வென்ட்டுன்னு சொல்றாங்க, அத கார்ப்பெட் துண்டு வச்சு டேப் போட்டு ஒட்டியிருக்கானுங்க, பக்கத்துல வயர் போற ஓட்டைய மட்டும் அப்படியே திறந்து விட்டிருக்கானுங்க. ரோட்டுக்கு போக வேண்டிய கேஸ் அது வழியா என் புள்ள பெட்டுக்கு அடியில போயிருக்கு.

அதோட முடியல. லீக் ஆகாத இன்னொரு சிலிண்டர தராசுல வச்சார். காலி எடை சிலிண்டர்லயே போட்டிருக்கும், அதோட 6 கிலோ கூட்டுனா வர வேண்டிய எடைய விட கிட்டத்தட்ட ஒரு கிலோ அதிகம். சீலும் இல்ல. பெட்ரோல் பங்க்ல கார்களுக்கு ஆட்டோகேஸ் அடிக்கிற பம்ப்ல அடாப்டர் போட்டு ரொப்பியிருக்கானுங்க. இந்த மாதிரி மாத்தி வாங்குற சிலிண்டர்ல 80 சதவீதம் ரொம்புனதும் தானா நிறுத்துற வால்வு கிடையாது, விரியறதுக்கு இடமே இல்லாம ரொம்பிடும், வெயில் பட்டதும் சேஃப்டி வால்வு திறந்து கக்கும். சாஞ்சு கெடந்தது அதான் பண்ணிருக்கு. ஊர்ல அம்மா 14.2 கிலோ சிலிண்டர் வந்தா சீல் பாத்து, சோப்புத் தண்ணி விட்டு முட்டை வருதான்னு பாத்துட்டுதான் டெலிவரி தம்பிய அனுப்புவாங்க. இங்க 485 பவுண்டு வாங்கிட்டு அந்த சோப்புத் தண்ணி கூட விடல.

போன் பண்ணேன். மேனேஜர் லஞ்ச்ல இருக்கார். திரும்ப பண்ணேன், லீவுல இருக்கார். மெயிலுக்கு பதில் இல்ல. கடைசியா அந்த பேத்தி கதை சொன்ன ஆளே எடுத்தான், என் குரல் கேட்டதும் "யார்டு விட்டுப் போறப்ப நல்லாத்தான இருந்துச்சு மேட், ரோட்ல நீங்க என்ன பண்ணீங்களோ"ங்கிறான். செக் பண்ண இன்ஜினியரோட கேஸ் சேஃப் நம்பர் (இங்க கேஸ் வேலை செய்யறவங்களுக்கான பதிவு நம்பர்) குடுன்னு கேட்டா, அவர் வெளி ஆளு, நம்பர் எங்ககிட்ட இல்லன்னு சொல்றான். டியூப், சிலிண்டர் எல்லாம் தேயுற பொருள், வாரண்டியில வராதாம். 2012 டியூப் என் கையில வந்தா தேஞ்சுச்சு? அப்புறம் சொன்னான் பாருங்க, சிலிண்டர கார் டிக்கியில போட்டு எடுத்துட்டு வாங்க, பாத்துட்டு சொல்றோம்னு. அளவுக்கு மீறி ரொப்புன சிலிண்டர மூடுன காருக்குள்ள பசங்களோட போட்டு எடுத்துட்டு வரச் சொல்றான்ங்க! அங்கதான் நான் கத்திட்டேன். லைன கட் பண்ணிட்டான், இப்ப என் நம்பரையே எடுக்க மாட்டேங்கிறாங்க.

சிலிண்டர் ரெண்டையும் அது எந்த கம்பெனியோடதோ அவங்களையே கூப்பிட்டு ஒப்படைச்சாச்சு, போட்டோ எல்லாம் இருக்கு. சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், அவங்க டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு, அதாவது ஏமாத்துற கடைங்க மேல நடவடிக்கை எடுக்கிற அரசுத் துறைக்கு, அனுப்புவாங்க. 485 திரும்ப வருமான்னு தெரியல.

என்ன என்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, அவசரமா சொல்றேன். காசு குடுக்குறதுக்கு முன்னாடி கேஸ் பெட்டிய நீங்களே திறங்க, தரையில விரல விட்டு வென்ட் ஓட்டை திறந்திருக்கான்னு பாருங்க. டியூப்ல வருஷம் படிங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா மாத்தச் சொல்லுங்க. சீல் இல்லாத சிலிண்டர் வேணாம். வண்டி ஓடுறப்ப வால்வு மூடியிருக்கணும், நிமிந்து நிக்கணும், சரியான பெல்ட் போட்டு கட்டியிருக்கணும். செக் பண்ணவரோட கேஸ் சேஃப் கார்டு பின்பக்கம் பாருங்க, எல்பிஜி, கேரவன் வேலைக்கு தகுதி இருக்கான்னு அதுல போட்டிருக்கும். 100 பவுண்டுக்கு மேல 30,000 பவுண்டு வரைக்கும் எதுவா இருந்தாலும் கிரெடிட் கார்டுலயே குடுங்க, கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் செக்‌ஷன் 75 படி பேங்க் கிட்டயே காச திரும்பக் கேக்கலாம், டிரான்ஸ்ஃபர் பண்ணா அந்த உரிமை கிடையாது. மெஷின் வேலை செய்யலன்னு சொன்னா கிளம்பி வந்துடுங்க. "பாத்துதான வாங்குனீங்க"ன்னு டீலர் சொன்னா விடாதீங்க, 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டத்துல பழுதான பொருள 30 நாளைக்குள்ள திருப்பிக் குடுத்து காசு கேக்கலாம், அதையும் மெயில்ல எழுத்துல கேளுங்க.

கேரவன் வச்சிருக்கவங்க இன்னைக்கே போய் அந்த வென்ட்டப் பாருங்க. நான் பேங்குக்கு இன்னொரு மெயில் அனுப்பணும்.