குதிரைக்குட்டியின் கண்புண்ணைக் காட்டிக்கொடுக்கும் காகிதம்: ஃப்ளோரசீன் பட்டை

வளர்ந்த குதிரைக்குக் கண்ணில் அடிபட்டால் இமையை இறுக்கும், நீர் வடிக்கும். பிறந்து சில நாளே ஆன குட்டி, அதுவும் நோயுற்றுப் படுத்தே கிடப்பது, அப்படிச் செய்யாது. அதன் கார்னியாவில், அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில், உணர்ச்சி குறைவு. வைக்கோல் கீறிப் புண்ணாகியிருந்தாலும் அசையாமல் விழித்திருக்கும். முகத்துக்கு நேரே கைவீசிப் பார்ப்பதும் உதவாது. கையைக் கண்டு சிமிட்டும் பழக்கம் வரவே இரண்டு வாரம் வரை ஆகலாம். அதனால் படுத்திருக்கும் குட்டிக்குத் தினமும் இரு கண்ணிலும் ஃப்ளோரசீன் சாயமிட்டு, புண் பச்சையாகத் தெரிகிறதா என்று பார்ப்பதே வழி.

சாயம் குப்பியிலும் கிடைக்கும், சாயம் தோய்த்த காகிதப் பட்டையிலும் கிடைக்கும். பட்டையையே வாங்குங்கள், தனித்தனி உறையில் அடைத்ததாக. திறந்த குப்பிக் கரைசலில் சூடோமோனாஸ் கிருமி செழித்து வளரும். கார்னியாவை உருக்கிவிடுகிற அந்தக் கிருமியை நாமே புண்ணில் ஊற்றுவானேன்?

பட்டையை வெறுமனே கண்ணில் ஒற்றக் கூடாது. காகித விளிம்பு பட்ட இடமே பச்சையாகி, இல்லாத புண்ணைக் காட்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் பட்டையைப் போட்டு, 1 மி.லி. கிருமி நீக்கிய சலைன் (உப்புநீர்) சேர்த்துச் சில துளி விடலாம். பிறகு சலைனால் நன்றாகக் கழுவுங்கள். கழுவாவிட்டால் சளி இழையில் தங்கும் சாயம் ஏமாற்றும். இருட்டில் நீல ஒளியில் பாருங்கள். சாதா டார்ச்சில் சின்னக் கீறல் தப்பிவிடும். கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதாக இருந்தால் சாயத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

குறை ஒன்று உண்டு, அது ஆபத்தானது. கார்னியாவின் மேல்தோல் கிழிந்து நடு அடுக்கு திறந்தால்தான் சாயம் ஏறும். புண் அதையும் குடைந்து கடைசிச் சவ்வு வரை போய்விட்டால் அந்தச் சவ்வில் ஏறாது. சுற்றிலும் பச்சை, நடுவில் தெளிந்த குழி என்றால் ஆறிவருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். கண் உடையும் தறுவாயில் இருக்கிறது. உடனே அறுவை வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பச்சை தெரிந்தால் முதலில் கீழிமையைப் பாருங்கள். உடலில் நீர் வற்றிய குட்டிக்கு கண் உள்வாங்கி, இமையோரம் உள்ளே சுருண்டு, முடி கார்னியாவை உரசிக்கொண்டே இருக்கும். இதைச் சரிசெய்யாமல் எந்த மருந்தும் பிடிக்காது. விரலால் இமையை வெளியே புரட்டி மசகுக் களிம்பு இடலாம். திரும்பச் சுருண்டால் மருத்துவர் தற்காலிகத் தையல் போட்டு இமையை வெளியே நிறுத்துவார். இந்த வயதில் தோலை வெட்டும் நிரந்தர அறுவை வேண்டாம், வளர வளர இமை தானே நிமிரும்.

ஆன்டிபயாடிக் சொட்டோ களிம்போ 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை; ஓரிரு நாளுக்கு ஒருமுறை மீண்டும் சாயம். வலிக்கு 1 சதவீத அட்ரோபின் கண்பாவை விரியும் அளவுக்கு மட்டும். கூடினால் குடல் ஓட்டம் நின்று வயிற்றுவலி வரும், சாணத்தைக் கவனியுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த குப்பியோ, கண்ணில் பச்சை தெரிவது நிற்கும்வரை மருந்துப் பெட்டியைவிட்டு வெளியே வரவே கூடாது.