பிச்சாவரம் துடுப்புப் படகு: மோட்டார் வேணாம், மெதுவா போங்க

கடலூர், பாண்டி பக்கம் இருக்கறவங்க ஒரு நாள் லீவு கெடச்சிருக்கு எங்க போலாம்னு கேட்டா நான் யோசிக்காம சொல்றது சிதம்பரம் பக்கத்துல இருக்கற பிச்சாவரம் அலையாத்திக் காடு, அதுலயும் துடுப்புப் படகு. போய்ட்டு வந்த நெறைய பேரு "என்னங்க, மரமும் தண்ணியும்தான், போனோம் வந்தோம்"னு சொல்லிக் கேட்டிருக்கேன். விசாரிச்சா முக்கால்வாசிப் பேரு மோட்டார் படகுல போனவங்களா இருப்பாங்க. மோட்டார் படகு அகலமான தண்ணில சர்ருனு ஒரு சுத்து சுத்திட்டுக் கொண்டாந்து விட்டுரும், எஞ்சின் சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசுறதே கேக்காது, பறவைங்க எல்லாம் நாம வர்றதுக்கு முன்னாடியே பறந்து போயிருக்கும். குறுகலான வாய்க்காலுக்குள்ள அது நொழையவும் முடியாது. பிச்சாவரத்தோட உசுரே அந்தக் குறுகல் வாய்க்கால்லதான் இருக்கு.

துடுப்புப் படகு உள்ள திரும்புன உடனே வெயில் கொறஞ்சு போகும். ரெண்டு பக்கமும் சுரபுன்னை மரம், வேரெல்லாம் மேலேந்து வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள எறங்கி நிக்கும், சில எடத்துல தலைக்கு மேல கூரை போட்ட மாதிரி மூடிக்கும், குனிஞ்சுதான் போகணும். அம்மாவக் கூட்டிட்டுப் போயிருந்தப்ப அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்பறம் மெதுவா "வேரும் அதோட நெழலும் சேந்து பாரு, சிக்குக் கோலம் போட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. பாத்தா நெசமாவே அப்படித்தான், மேல பாதி வளையம் வேரு, கீழ பாதி வளையம் தண்ணில தெரியுற நெழலு, துடுப்பு பட்டதும் கீழ் பாதி கலையும், கொஞ்ச நேரத்துல திரும்பக் கூடிக்கும். நான் அங்க பல தடவ போயிருக்கேன், ஆனா அம்மா சொன்னதுக்கு அப்பறம் அந்த வேர வேற மாதிரி பாக்கவே முடியல.

படகு ஓட்டுற அண்ணனப் பத்தி தனியா சொல்லணும். பக்கத்து ஊர்க்காரரு, சின்ன வயசுலேந்து இந்தத் தண்ணிலயே கெடக்கறவரு. நாம கேட்டாதான் பேசுவாரு, கேட்டுட்டா அவரு சொல்றதுல பாதிய எழுதி வெச்சுக்கலாம் போல இருக்கும். வெண்கண்டல் மரத்துக்கிட்ட படக நிறுத்தி "எலையப் பறிக்காதீங்க, அடிப்பக்கம் வெரல்ல தேச்சு நாக்குல வெச்சுப் பாருங்க"ன்னாரு. நல்ல உப்பு. வேரு இழுக்கற உப்புத் தண்ணில தனக்கு வேணாங்கற உப்ப அந்த மரம் எலை வழியா வெளிய தள்ளிடுது, வெயில்ல காஞ்சா எலை மேல பொடிப்பொடியா உப்பு படிஞ்சிருக்கறத கண்ணாலயே பாக்கலாம். சேத்துல குச்சி குச்சியா மேல நீட்டிட்டு இருக்கறதும் அதோட வேருதான், சேத்துக்குள்ள காத்து இல்லாததால வேரு மேல வந்து மூச்சு விடுது. ஸ்கூல் புக்குல சுவாச வேர்னு படிச்சு மார்க் வாங்கிட்டு மறந்துட்ட விஷயம், இங்க கைக்கு எட்டுற தூரத்துல தண்ணி வத்தி ஏறி வத்தி ஏறி நடந்துட்டே இருக்கு.

அடுத்து கொஞ்ச தூரத்துல ஒரு மரம், எலை அங்கங்க செவந்து இருந்துச்சு. "அதத் தொடாதீங்கக்கா, பால் கண்ணுல பட்டா ஆவாது, அது தில்லை"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. அம்மா "தில்லையா?"ன்னு நிமிந்து உக்காந்துட்டாங்க. வருசத்துக்கு ஒருவாட்டியாவது சிதம்பரம் போறவங்க, தில்லை தில்லைன்னு பாடி வளந்தவங்க, நடராசர் கோயிலோட தல மரமே அதுதான், ஆனா மரத்த அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாக்கறாங்க. ஒரு காலத்துல காடா இருந்து ஊருக்கே பேரக் குடுத்த மரம், இப்ப அத உசுரோட கூட்டமாப் பாக்கணும்னா இந்தக் கழிமுகத்துக்குத்தான் வரணும். அம்மா படகுல உக்காந்தபடியே கையெடுத்துக் கும்புட்டாங்க. அண்ணன் அவங்க கும்புட்டு முடிக்கற வரைக்கும் துடுப்பு போடல.

சுரபுன்னைக்கு வெத மரத்துலயே மொளச்சிடும். பச்சையா நீளமா தொங்கிட்டு இருக்கறத நாம காயின்னு நெனச்சுப்போம், அது காய் இல்ல, அம்மா மரத்துலயே மொளவிட்டு வளந்து நிக்கற நாத்து. கீழ விழும்போது தண்ணி வத்தியிருந்தா நேரா சேத்துல குத்தி அங்கயே நின்னுக்கும், தண்ணி ஏறியிருந்தா மெதந்துட்டே போயி எங்கயோ கரை தட்டி வேர் விடும். அண்ணன் இத வெளக்கிட்டு இருக்கும்போது அம்மா தன்பாட்டுக்கு ஏதோ சொல்லிட்டு இருந்தாங்க, நான் போன்ல டைப் பண்ணி வெச்சுக்கிட்டேன், ஒரு எழுத்து கூட மாத்தல, வரிய மட்டும் ஒடச்சேன்:

வளத்து அனுப்புது.
எங்க போவுதுன்னு அதுக்குத் தெரியாது.
தண்ணி பாத்துக்கும்.

எங்கம்மா கவிதை படிக்கறவங்க கெடையாது, அவங்ககிட்ட இது கவிதைன்னு சொன்னா "போடி"ன்னுவாங்க. ஆனா வீட்டுல இருந்தா இந்த மூணு வரி வந்திருக்காது, வந்திருந்தாலும் மிக்சி சத்தத்துல எனக்குக் கேட்டிருக்காது. அதனாலதான் மெதுவா போற படகுன்னு இவ்ளோ அழுத்திச் சொல்றேன். அங்கேந்து வந்த பிறகு எனக்குக் காது கொஞ்சம் தொறந்த மாதிரி இருக்கு. மஞ்சக்குப்பத்துல பூ விக்கற அக்கா, "பூ மொட்டா இருக்கே"ன்னு நான் தயங்குனப்ப "நாளைக்குப் பூக்கறத இன்னிக்கே வாங்கிட்டுப் போ"ன்னாங்க, முன்னாடின்னா வெலை பேசிட்டு நகந்திருப்பேன். கெடிலம் பாலத்துல பஸ்ஸு நிக்கறப்ப இப்பல்லாம் போன எடுக்கறது இல்ல, தண்ணில வானம் எந்த நெறத்துல இருக்குன்னு பாக்கறேன்.

காட்டப் பத்தி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லது. வடக்க வெள்ளாறு, தெக்க கொள்ளிடம், நடுவுல சுமார் 1100 ஹெக்டேர். 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேத்தாங்க. ஆனா இது எப்பவும் இப்படிச் செழிப்பா இல்ல. வெள்ளக்காரன் காலத்துலேந்து 1970கள் வரைக்கும் வெறகுக்காகப் பகுதி பகுதியா மொத்தமா வெட்டுனதுல மண்ணு உள்வாங்கிக் குழியாயிருச்சு, அலைத் தண்ணி உள்ள வந்தா வெளிய போக வழியில்லாம அங்கயே காஞ்சு உப்பு ஏறி, திரும்ப மரமே மொளைக்காமப் போச்சு. அப்பறம் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோட சேந்து வாய்க்கால் வெட்டி தண்ணி போக்குவரத்த சரிபண்ணி கன்னு நட்டுக் கொண்டாந்தாங்க. நான் இதக் கேட்டப்ப அண்ணன் சுருக்கமா சொன்னாரு: "வளைஞ்சு போறது தண்ணி வெட்டுனது, நேரா போறது மனுசன் வெட்டுனது." 2004 சுனாமியப் பத்தியும் சொன்னாரு, காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்க தப்பிச்சதையும் கடலப் பாக்க இருந்த ஊருங்க பட்ட பாட்டையும். அத அவரு சொன்ன விதத்துல நான் இங்க எழுத முடியாது. நீங்க போனா கேளுங்க, அவரு சொல்லலன்னா விட்டுருங்க.

வாய்க்கால் ஓரமா இடுப்பளவு தண்ணில எறங்கி கையாலயே துழாவி எறா புடிக்கறவங்களப் பாப்பீங்க, இருளர் மக்கள். அவங்க அங்க வேலை செய்யறாங்க. டக்குனு போன நீட்டி போட்டோ எடுக்காதீங்க, ஒரு வணக்கம் சொல்லுங்க போதும், சிரிப்பாங்க.

எனக்கு நெசமாவே வயிறு எரியறது ஒண்ணுதான், நம்ம ஆளுங்க. அவ்ளோ அமைதியான எடத்துல படகுல ஸ்பீக்கர் வெச்சுப் பாட்டுப் போடறாங்க, சிப்ஸ் கவர தண்ணில போடறாங்க. அந்தக் கவர் வேருல போயி மாட்டிக்கிட்டா அத எடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு யோசிக்கணும். ஒரு மீன்கொத்தி எங்க படகுக்கு ரொம்பக் கிட்டத்துல உக்காந்து தண்ணியவே பாத்துட்டு இருந்துச்சு, நாங்க மூச்சக் கூட அடக்கிட்டு இருந்தோம், பின்னாடி வந்த படகுல குத்துப்பாட்டு, அவ்ளோதான், போயிருச்சு. தயவுசெஞ்சு அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேணாங்க.

போறவங்களுக்கு: காலைல மொத படகப் புடிக்கப் பாருங்க. வெயில் ஏறுனா அகலத் தண்ணியக் கடக்கறப்ப மண்டை காயும், தொப்பி, தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க, பாட்டிலத் திரும்பக் கொண்டாந்துருங்க. ஞாயித்துக்கிழமையும் பொங்கல் லீவும் கூட்டம் அள்ளும், நடுவாரம் போனா காடே உங்களுக்குத்தான். டிக்கெட் எடுக்கறப்ப நேரம் கூட இருக்கற ட்ரிப்பா எடுங்க, சின்ன ட்ரிப்புல உள்ள போயி கண்ணு பழகறதுக்குள்ள திரும்ப வேண்டியிருக்கும். தண்ணி வத்தியிருந்தா சின்ன வாய்க்காலுக்குள்ள படகு போகாது, ஏறுற நேரம் எதுன்னு முன்னாடியே கேட்டுக்கங்க. நவம்பர்லேந்து பிப்ரவரி வரைக்கும் பறவை நெறைய, கொக்கு, நாரை, நீர்க்காகம், உள்ளான் எல்லாம் பாக்கலாம். ஆனா நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை எப்படின்னு தெரியும்ல, புயல் எச்சரிக்கை இருந்தா கெளம்பாதீங்க. முட்டி வலிக்காரங்க படகுல எறங்கறப்ப அவசரப்படாம ஓட்டுறவரு கையப் புடிச்சுக்கிட்டு எறங்கி நடுவுல உக்காரணும், எங்கம்மா அப்படித்தான் எறங்குனாங்க, ஒரு கஷ்டமும் இல்ல. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கங்க, போட்டோவுக்காகக் கழட்டாதீங்க. முடிச்சு எறங்கறப்ப ஓட்டுனவரு கையில மனசாரக் கொஞ்சம் காசு குடுங்க, அவ்ளோ நேரம் கையால வலிச்சிருக்காரு.

கடலூர்லேந்து பஸ்னா சிதம்பரம் எறங்கி, அங்கேந்து கிள்ளை வழியா போற பஸ்ஸப் புடிக்கணும். திரும்பி சிதம்பரம் வரப்ப நல்லாப் பசிக்கும், சம்பா சாதமும் கத்திரிக்கா கொத்சும் கெடைக்குற கடையா விசாரிச்சு சாப்புடுங்க. தில்லை மரத்தப் பாத்த கையோட கோயிலுக்கும் போகணும்னு அம்மா மாதிரி உங்க வீட்டுலயும் கேப்பாங்க, மதியத்துல நடை சாத்திருவாங்க, சாயங்காலந்தான் தெறப்பாங்க, அதனால படகக் காலைல வெச்சுக்கங்க, கோயில சாயங்காலம் வெச்சுக்கங்க.