பெற்றோரை இழந்த மாணவருக்கு யார் துணை: வகுப்பாசிரியரா, ஆலோசகரா, உதவி எண்ணா?

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது அப்பாவையோ அம்மாவையோ கொரோனாவில் பறிகொடுத்த ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை, தமிழ்நாட்டில் திரும்ப வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது நவம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இருந்தவர்களுக்குச் செப்டம்பர் 1. அதுவரை வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம், கல்வித் தொலைக்காட்சி, அவ்வளவுதான். பல வீடுகளில் உடலை மருத்துவமனையிலிருந்தே கட்டி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள், பிள்ளைகளால் முகம்கூடப் பார்க்க முடியவில்லை. துக்கம் கேட்க ஆள் வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் வகுப்பு டீச்சரும் நாலைந்து பிள்ளைகளுமாவது அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்கள், அதுவும் இல்லாமல் போனது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். உதவி எண் கொடுக்கலாம், ஆலோசகரை வரவழைக்கலாம், வகுப்பாசிரியரிடமே விட்டுவிடலாம், தெருவில் இருக்கும் தன்னார்வலர் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாமே நல்லதுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எதை முதலில் வைக்கிறோம் என்பதில்தான் ஒரு பிள்ளை கவனத்துக்கு வருவதும் தவறிப்போவதும் இருக்கிறது.

உதவி எண்ணை முதலில் பார்த்துவிடலாம். குழந்தைகளுக்கு 1098, தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளிக்கல்விக்கு 14417, மாணவர்களின் மனநலத்துக்காக மத்திய அரசு 2020 ஜூலையில் தொடங்கிய மனோதர்பண் என்று எண்களுக்குக் குறைவில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் சிலருக்கு நிஜமாகவே எளிது. ஆனால் பிள்ளை தானாக எடுத்துப் பேச வேண்டும், தனியாகப் பேச ஒரு போனும் ஒரு மூலையும் வேண்டும். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் இறந்துபோன அப்பாவின் போன் என்று இருந்த வீடுகளை யோசித்துப் பாருங்கள். வகுப்புக் குழுவில் சேர்த்திருந்ததும் அந்த எண்தான், பள்ளிக்கு விஷயமே தெரியாமல் அந்த எண்ணுக்கே வீட்டுப்பாடம் போய்க்கொண்டிருக்கும். உதவி எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள், டைரியில் எழுதச் சொல்லுங்கள், ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று எந்தப் பள்ளியும் நினைக்கக்கூடாது.

அடுத்து ஆலோசகர். படித்துப் பயிற்சி பெற்றவர், எது சாதாரணத் துக்கம், எது சிகிச்சை தேவைப்படும் நிலை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அப்படி ஒருவர் கிடையாது, எப்போதோ ஒரு நாள் வந்து பொதுவாகப் பேசிவிட்டுப் போவார். அதைவிட முக்கியமாக, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் பிள்ளையை உட்காரவைத்து ‘பேசு’ என்றால் அது பேசாது, தனியாகக் கூப்பிட்டு அனுப்பியதற்காகவே வகுப்பில் கூனிக்குறுகும். துக்கத்தில் இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குச் சிகிச்சை தேவையே இல்லை. தினமும் தங்களைப் பார்க்கிற ஒரு பெரியவர் தேவை.

அதனால்தான் நான் வகுப்பாசிரியரை முதலில் வைக்கிறேன். முதல் மணியில் வருகைப் பதிவேடு எடுக்கும்போது யார் முகம் வாடியிருக்கிறது, யார் இரண்டு நாளாகச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை, நன்றாக எழுதுகிற கை ஏன் கோணல்மாணலாக எழுதுகிறது என்று பார்க்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். ‘இன்னும் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், சிலபஸ் இருக்கிறது, நாங்கள் என்ன மனநல மருத்துவரா’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்பது மருத்துவம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சாதாரண மனிதர்களுக்குச் சொல்வது மூன்றுதான்: கவனித்துப் பார், காது கொடுத்துக் கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு. பள்ளி திறப்பதற்கு முன் எல்லா ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால்கூட எவ்வளவோ மாறும்.

அந்தப் பயிற்சியில் இந்த நோய்க்கே உரிய சில விஷயங்களையும் சொல்லித்தர வேண்டும். ‘நான் வெளியே விளையாடப் போனேன், நான்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேனா’ என்று ஒரு பிள்ளை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும், வாயைத் திறந்து கேட்காது. ‘யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை’ என்று ஆசிரியரே எடுத்துச் சொல்ல வேண்டும், ஒரு தடவை சொன்னால் போதாது. அப்புறம், காலையில் அழுத பிள்ளை மதியம் கபடி ஆடினால் ‘மறந்துட்டான் பாரு’ என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான் வந்து வந்து போகும். ‘இனிமே நீதான்டா வீட்டுக்குப் பெரிய மனுஷன், அழக்கூடாது’ என்று பதின்மூன்று வயதுப் பையனிடம் சொல்வதை, எவ்வளவு அன்போடு சொன்னாலும், பள்ளியாவது நிறுத்த வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவன் வேலைக்குப் போகிறான். பெண் பிள்ளையாக இருந்தால் ‘யார் பொறுப்பு’ என்ற பேச்சு கல்யாணத்தில் போய் நிற்கிறது. இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் போக வேண்டும், தேவைப்பட்டால் 1098ஐ ஆசிரியரே அழைக்க வேண்டும்.

ஆலோசகரின் இடம் இதற்கு அடுத்தது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, யாரோடும் சேர்வதில்லை, ‘நானும் போய்விடுகிறேன்’ என்கிற மாதிரிப் பேச்சு என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அவரிடமோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ காட்ட வேண்டும், கூடவே ஆசிரியரும் போனால் இன்னும் நல்லது.

2021 அக்டோபரில் தொடங்கிய, தெருவிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களை இந்த விஷயத்தில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அதே தெருப் பெண்கள், எந்த வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் தெரிந்தவர்கள். தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைதான் அவர்கள் எல்லை, துக்கத்தைக் கையாளவும் பழக்கப்படவில்லை, ஆனால் வகுப்பாசிரியர் காதில் ஒரு வார்த்தை போட அவர்களைவிட்டால் ஆள் இல்லை.

காலை வணக்கக் கூட்டத்தில் மௌன அஞ்சலியா, தனியாக ஒரு வார்த்தையா? இறந்தது பள்ளியின் ஆசிரியர் என்றால் எல்லோரும் சேர்ந்து அஞ்சலி செலுத்துவதுதான் சரி. மாணவரின் பெற்றோர் என்றால் அந்தப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பண விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 2021 மே 29 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்த திட்டப்படி கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்ச ரூபாய் வைப்பு, உறவினர் வீட்டில் வளர்ந்தால் 18 வயது வரை மாதம் 3,000, ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம். இதை வாங்கித்தர இறப்புச் சான்றிதழில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து அலைய வேண்டும், தாத்தா பாட்டிக்கு விண்ணப்பம் எழுதக்கூடத் தெரியாது. பள்ளி அலுவலகம் அந்தக் காகித வேலையில் ஒரு கை கொடுத்தால் அது ஆறுதல் வார்த்தையை விடப் பெரிது. அதை விட்டுவிட்டு நோட்டும் பையும் கொடுக்க அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றிப் படம் எடுத்துப் போடுவது கொடுமை. அலுவலக அறையில் கொடுங்கள், படம் வேண்டாம்.

தேர்வில் சலுகையா, வழக்கமா என்று கேட்டால் வழக்கம்தான் என்பேன், கொஞ்சம் தளர்த்தி. மணி அடிப்பதும் பீரியட் மாறுவதும் அந்தப் பிள்ளைக்குப் பிடிமானம். வீட்டுப்பாடத்தைப் பாதியாக்குங்கள், தேர்வைத் தள்ளிக் கொடுங்கள், வகுப்பை விட்டு ஒதுக்காதீர்கள்.

மே மாதச் சாவுகளுக்கு வருஷ திதி கோடை விடுமுறையில் வருகிறது, ஜூனில் வகுப்பாசிரியரும் மாறிவிடுகிறார். பழைய வகுப்பாசிரியர் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, புதியவரிடம் தேதியோடு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும், வகுப்புக் குழுவில் இருக்கும் எண்ணையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.