14 அடிப் படகுக்கு 20, 30, 50 எச்.பி.: எது பொருந்தும்?

14 அடி நீளம், வெளிப்புற எஞ்சின் மாட்டும் பின்பலகை 5 அடி அகலம் என்று ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கு அதிகபட்சம் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) எஞ்சின் மாட்டலாம் என்பதற்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு கணக்கு வைத்திருக்கிறது: நீளத்தை அகலத்தால் பெருக்கு. இங்கே 70. ஸ்டீயரிங் வீல் இருந்து, பின்பலகை 20 அங்குல உயரமும் இருந்தால், இரண்டால் பெருக்கி 90-ஐக் கழிக்க, 50 எச்.பி. கையால் திருப்பும் டில்லர் என்றால் 0.8 × 70 − 25 = 31; ஐந்தின் மடங்காக மேலே முழுமையாக்கி 35. அதுவே தட்டையான அடிப்பாகம் என்றால் 0.5 × 70 − 15, வெறும் 20. படகின் அளவு மாறவேயில்லை, உச்சவரம்பு மட்டும் இரண்டரை மடங்கு வேறுபடுகிறது. படகில் அதிகபட்ச எச்.பி. குறித்த திறன் தகடு இருந்தால் அதில் உள்ள எண்ணே முடிவு.

டில்லர் படகில் 50-ஐ மாட்ட நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வேகத்தில் கை நழுவினால் எஞ்சின் ஒரு பக்கம் வெட்டித் திரும்பும். ஆள் வெளியே விழுவார், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும். ஆள் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு எந்த எஞ்சினுக்கும் கட்டாயம்.

இனி எடை. படகு 160 கிலோ, மூன்று பேர் 225, பெட்ரோல் டாங்கும் சாமானும் 55: மொத்தம் 440. நான்கு ஸ்ட்ரோக் 20 எச்.பி. சுமார் 50 கிலோ. அதையும் சேர்த்தால் ஒரு எச்.பி.க்கு 24 கிலோவுக்கு மேல் சுமை. படகு தண்ணீர் மேல் எழும்பி வழுக்காது. அணியம் (படகின் முன்பகுதி) வானத்தைப் பார்க்கும், எதிரே வருவது தெரியாது, த்ராட்டில் முழுக்கத் திறந்தே கிடக்கும். ஒருவர், இருவர் மெதுவாகப் போக இது போதும்.

30 எச்.பி. ஏறக்குறைய 75 கிலோ, சுமை எச்.பி.க்கு 17. தயங்காமல் எழும்பும். வி அடிப்பாகமுள்ள டில்லர் படகுக்கு என் தேர்வு இதுதான்.

50 எச்.பி. பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டும். ஓடும்போது சுகம்தான். திடீரென த்ராட்டிலை மூடிப் பாருங்கள், படகின் சொந்த அலையே பின்பலகை மேல் ஏறி உள்ளே வரும். பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதுதான் காரணம். முழு வேகத்தில் மணிக்கு 18 லிட்டர் வரை குடிக்கும். பழைய பின்பலகையில் மரம் ஊறியிருக்கிறதா என்று சுத்தியால் தட்டிப் பாருங்கள். மங்கலான சத்தம் வந்தால் 50 வேண்டவே வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஷாஃப்ட் (எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்கு இறங்கும் தண்டு) நீளம் பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். 20 அங்குலப் பலகையில் 15 அங்குல ஷாஃப்ட் மாட்டினால் புரொப்பல்லர் காற்றை இழுக்கும்: எஞ்சின் அலறும், படகு நகராது. கடைசியாக, வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) பாருங்கள். கையேட்டில் 5,000–6,000 என்றிருக்க 4,600-தான் வருகிறதென்றால், பெரிய எஞ்சின் தேடுமுன் 2 அங்குலம் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) குறைந்த புரொப்பல்லரைப் போட்டுப் பாருங்கள். 300–400 ஆர்பிஎம் கூடும்.